விளம்பரம் வர்ற வரைக்கும்

ஏனுங் தம்பி, இந்த டிரைவர் பண்றதைப் பாத்தீங்களா? வளைவுக்குள்ள பூந்த பொறகு பிரேக்கை மிதிக்கறாருங்க. முன்னாலயே மிதிச்சுப் போட்டு, உள்ள போகையில காலை எடுத்து, வெளிய வர்றப்ப ஒரு அழுத்து அழுத்தோணும். அப்படிப் பண்ணியிருந்தா இந்நேரம் கோத்தகிரில எறங்கி டீ குடிச்சிட்டிருப்போம். மேட்டுப்பாளையத்துல ஏறினப்பவே போய்ச் சொன்னனுங்க. "பெரியவரே, போயி உக்காருங்க"ன்னுட்டாரு. சரி, நல்லது சொன்னா யாரு கேக்கறாங்க.

நீங்க சன்னல் ஓரமே இருங்க, எனக்கு வேண்டாம். நான் வெள்ளிங்கிரிங்க. கோயமுத்தூர்ல கணபதிங்கற ஏரியால மோட்டாருக்குக் காயில் கட்டற பட்டறை. கோத்தகிரில எம்பட கொழுந்தியா புது ஊடு கட்டியிருக்கறா, அதுக்குத்தான் போறேன். சம்சாரம் முந்தாநேத்தே போயிட்டா. சேந்து போலாமுன்னேன். "நீங்க தனியா வாங்க, பஸ்ஸுல பேச்சுத் துணைக்கு யாராச்சும் கெடைப்பாங்க"ன்னா. அவ வாய்முகூர்த்தம், நீங்க கெடைச்சிட்டீங்க.

நான் அதிகமாப் பேசற ஆளில்லீங்க. கேட்டாச் சொல்லுவேன், அவ்வளவுதான்.

கார் ரேஸ் பாப்பீங்களா? நெம்பப் பேரு குதிரை ரேஸுன்னு நெனைச்சுக்கறாங்க. இது காருங்க. தரையோட ஒட்டிக்கிட்டு, ஒரே ஆளு படுத்தாப்பல உக்காந்து ஓட்டுவான் பாருங்க, அந்தக் காரு. எங்க ஊருல அந்தக் கிறுக்கு நெறையப் பேருக்கு உண்டுங்க. செட்டிபாளையத்துல டிராக்கே இருக்குது. வயசுல ஞாயித்துக்கெழமையானா அங்கதான் கெடப்பேன். ஒருக்கா ரேஸு ஓட்டற ஒருத்தரு வேலி ஓரமா வந்து, "அண்ணா, பத்து நம்பர் ஸ்பேனர் இருக்குதா?"ன்னு எங்கிட்டக் கேட்டாரு. அத்தனை கூட்டத்துல எங்கிட்ட! எம்பட வண்டில இருந்து எடுத்துக் குடுத்தேன். அன்னைக்கு அவரு மூணாவதா வந்தாருங்க. அதுல நம்ம பங்கும் இருக்குதில்லீங்களா? நான் பெருமைக்குச் சொல்லல. ஸ்பேனரைத் திருப்பிக் குடுக்கல, அது வேற விசயம்.

அதனால எங்க வீதில ரேஸுன்னா வெள்ளிங்கிரிதானுங்க. வெளிநாட்டுல நடக்கற ரேஸை டிவில போடுவாங்கல்ல, கேபிள்ல சும்மா வந்துட்டிருந்துது. ஞாயித்துக்கெழமை பொழுதோட எங்கூட்டுல கூட்டம் சேந்துரும். பக்கத்தூட்டு மயில்சாமி, கிரைண்டர் கடை வெச்சிருக்கறான். டைலர் ஜோசப்பு. அப்பறம் வீதில இருக்கற நாலஞ்சு பேரு. எம்பட சம்சாரம் தெய்வானை பஜ்ஜி போட்டுக் குடுப்பா. நான் டிவிக்குப் பக்கத்துல நின்னு வெளக்கம் சொல்லுவேன்.

டிவி சத்தத்தைச் சுத்தமாக் கொறைச்சிருவனுங்க. அதுல பேசற இங்கிலீசுக்காரங்களுக்கு நம்ம அளவுக்கு வெவரம் பத்தாது. கையில ஒரு இரும்பு ஸ்கேல் வெச்சிருப்பேன். "இந்தா பாரு, இந்தச் செவப்பு வண்டி, இவன் டயரு தேஞ்சு போச்சு, அடுத்த ரவுண்டுல மாத்தறதுக்கு உள்ள போவான்"னு தொட்டுக் காட்டுவேன். முன்னால நின்னாத்தானுங்க தொட்டுக் காட்ட முடியும்? "அண்ணா, சித்தெ நகருங்க"ம்பான் மயில்சாமி. நகருவேன். ஒடனே இந்தப் பக்கம் இருக்கற ஜோசப்பு, "அண்ணா, சித்தெ அக்கட்டால போங்க"ம்பான். அவ்வளவு ஆர்வமுங்க. நான் அவங்க பக்கமாத் திரும்பி நின்னு பேசிட்டு, மறுபடி டிவியைப் பாத்தா ரேஸே முடிஞ்சிருக்கும் சில நாளைக்கு. அது ஒரு காலமுங்க.

அய்யய்யோ, பாருங்க! மறுபடியும் வளைவுக்குள்ள பிரேக்கு. சரி, உடுங்க.

ஒரு ஞாயித்துக்கெழமை எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. டிவியைப் போட்டா, ரேஸு வர்ற சேனல்ல குண்டு குண்டா ரெண்டு பேரு ஒருத்தனை ஒருத்தன் கட்டிப் புடிச்சுத் தள்ளிட்டிருக்கறாங்க. கேபிள்காரருக்குப் போன் போட்டேன். "அண்ணா, இனி அது கேபிள்ல வராது. வருசச் சந்தா கட்டோணும். நெட்டு வழியா டிவில வரும், இல்லாட்டி செல்லுல பாத்துக்கலாம்"னாரு.

எனக்கு வந்துதே கோவம். வண்டி அவனுது, பெட்ரோலு அவனுது, ஓடறது எங்கயோ கண்காணாத சீமைல. அதை நான் எங்கூட்டுல எம்பட கண்ணுல பாக்கறதுக்கு எதுக்குங்க காசு? ஜோசப்பு மெதுவா, "அண்ணா, நம்ம டீச் செலவை விடக் கம்மிதானுங்களே, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிரலாமே"ன்னான். "டீ குடிச்சா வயித்துல நிக்குது. ரேஸு பாத்தா என்ன நிக்குது? ஒண்ணுமில்லாததுக்குக் காசா?"ன்னு கேட்டேன். கையில இருந்த டீ டம்ளரைக் கீழ வெச்சுட்டானுங்க.

அன்னைக்கே எல்லாரையும் வீதி முனை விநாயகர் கோயிலுக்குக் கூட்டீட்டுப் போனேன். நம்ம பக்கம் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணினா மாறக் கூடாதுங்க, உங்களுக்கே தெரியும். "காசு கட்டி ரேஸு பாக்க மாட்டோம்"னு ஒவ்வொருத்தனாச் சூடத்தை அடிச்சு அணைச்சோம். ஜோசப்பு வேதக்காரன், அவன் மட்டும் ஒரு மெழுகுவத்தி கொண்டாந்து ஏத்தி ஊதி அணைச்சான். எல்லாருமா ஒண்ணா நின்னா சந்தாக்காரன் வழிக்கு வந்துதானுங்க ஆகோணும்? மிஞ்சிப் போனா ரெண்டு மாசம்னு கணக்குப் போட்டிருந்தேன்.

அடுத்த ரேஸு அன்னைக்குப் பொழுதோட, பழக்க தோசத்துல சேரெல்லாம் எடுத்துப் போட்டேன். ரேஸு இல்லீன்னா என்ன, பழைய ரேஸைப் பத்திப் பேசிட்டிருக்கலாமில்லீங்களா? ஒருத்தனும் வரல. மயில்சாமிக்கு ஒடம்பு செரியில்லையாம். ஜோசப்புக்குக் கல்யாணத் துணி தெச்சுக் குடுக்கோணுமாம். தெய்வானை கோயிலுக்குப் போறேன்னு கெளம்பிட்டா. நான் ஒண்டியா உக்காந்திருக்கறேன். அப்பப் பக்கத்தூட்டுல இருந்து கேட்டுது பாருங்க ஒரு சத்தம். "ஊய்ய்ய்ங்"னு. கிரைண்டர்க்காரன் ஊடு, கிரைண்டரா இருக்கும்னு நெனைச்சேன். கிரைண்டருக்கு எவனாச்சும் கை தட்டுவானுங்களா?

காம்பவுண்டுச் செவுத்து மேல எட்டிப் பாத்தேன். மயில்சாமி வாசல்ல செருப்பாக் கெடக்குது. தேர் நோம்பியன்னைக்குக் கோயில் வாசல்ல கூட அத்தனை செருப்பைப் பாக்க முடியாது. அதுல ஒண்ணு வாரு அந்து நூலு போட்டுத் தெச்சிருந்துது. டைலர் செருப்பு எனக்குத் தெரியாதுங்களா? அதுக்குப் பக்கத்துல பச்சைக் கலருல ஒரு சோடி. தீவாளிக்கு நான் வாங்கிக் குடுத்ததுங்க. தெய்வானையோடது.

தம்பி, சொல்றதுக்கு என்ன, மனசு நொந்தே போச்சு.

அவ காலித் தட்டோட திரும்பி வந்தா. பஜ்ஜி வேற கொண்டுட்டுப் போயிருக்கறா. "எங்க போன?"ன்னேன். "ரேஸு பாக்க"ன்னா, கூசாம.

"நீ எப்ப இருந்து ரேஸு பாக்கற?"

"எப்பவும்தான் பாக்கறேன். சமையக்கட்டு வாசப்படில நின்னுக்குவேன். நீங்க முன்னால நிக்கறதுல பாதி டிவிதான் தெரியும். இன்னைக்குத்தானுங்க முழு டிவியும் பாத்தேன்."

"சத்தியம் பண்ணினமே?"

"நீங்க பண்ணினீங்க. எங்கிட்ட யாரு கேட்டா?"

மயில்சாமியைப் புடிச்சு உலுக்கினேன். "அண்ணா, நான் கட்டலீங்க. பெங்களூர்ல இருக்கற எம்பட பையன் கட்டினான். சத்தியம் சத்தியமாத்தான் இருக்குது"ங்கறான். ஜோசப்பு, "நாங்க ஓசிலதானுங்கண்ணா பாக்கறோம்"ங்கறான். சட்டம் பேசறாங்க பாத்தீங்களா? இதுல எனக்கு என்ன வருத்தம்னா, அவங்க ரேஸு பாக்கறது கூட இல்லீங்க. பாவம், வெளக்கம் சொல்ல ஆளில்லாமப் பாக்கறாங்களேன்னுதான். மயில்சாமிக்கு முன் டயருக்கும் பின் டயருக்கும் வித்தியாசம் தெரியாதுங்க. அங்க உக்காந்து என்னத்தைப் புரிஞ்சுக்குவாங்க?

அப்பத்தான் பட்டறைக்கு மோட்டாரு கொண்டாந்த ஒரு காலேஜ் வாத்தியாரு எனக்கு ஒரு வழி காட்டினாரு. செல்லுல நெட்டுப் பக்கம் ஒண்ணு இருக்குதுங்க, காசே இல்ல. படம் வராது, எழுத்து மட்டும் ஓடும். எவன் முன்னால போறான், எவன் டயரு மாத்தறான், எல்லாம் வரும். அதை விட இன்னொண்ணு சொன்னாரு பாருங்க. நெட்டுல வர்ற படம் அங்கங்க சுத்தி வந்து சேர்றதுக்கு அரை நிமிசம் போலப் பிந்துமாம். எழுத்து முந்தி வந்துருமாம்.

விட்டனா நான்? அடுத்த ரேஸுக்கு ஒரு பழைய மோட்டார் பாடியைச் செவுத்தோரமாக் கவுத்துப் போட்டு அது மேல ஏறி நின்னுட்டேன். "மயிலு! அந்த நீலக்கலரு வண்டி டயரு வெடிச்சுப் போச்சு!"ன்னு ஒரு சத்தம். உள்ள இருந்து, "எங்கீங்கண்ணா? நல்லாத்தான ஓடீட்டிருக்குது?"ன்னாங்க. சித்தெ நேரம். அப்பறம் "அய்யோ!"ன்னு மொத்த ஊடும் கத்துது. எப்படி? இருந்த எடத்துல இருந்தே வெளக்கம் குடுத்தனுங்க, அதுவும் நடக்கறதுக்கு முன்னாலயே. காசு கட்டினவனுக்குக் கூட அந்த வசதி உண்டுங்களா?

எவன் மோதுவான், எவன் ஜெயிப்பான், ஒண்ணு விடாமச் சொன்னேன். ஜோசப்பு வெளிய ஓடியாந்து என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டான். "அண்ணா, உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன்"னான். சின்னப் பையன்ல இருந்து அவனுக்கு எம்மேல ஒரு பாசம். அதுக்கப்பறம் அவங்க சன்னலைச் சாத்திக்கிட்டாங்க, கொசு வருதுன்னு இருக்கும். நான் இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொன்னேன். அதுல எனக்கு ஒண்ணும் சிரமமில்லீங்க.

இப்படியே நாலஞ்சு ரேஸு போச்சு. அப்பறம் வந்ததுங்க அந்த ரேஸு.

மஞ்சத் தொப்பி போட்ட ஒரு பையன் ஓட்டறான். நல்ல பையன், ஆனா ராசியில்லாதவன். வருசக்கணக்கா ரெண்டாவது வருவான், மூணாவது வருவான், இல்லாட்டிக் கடைசி ரவுண்டுல வண்டி நின்னு போகும். அன்னைக்கு அவன் கடைசி வளைவுல முந்தீட்டான். எழுத்து வந்துருச்சு. நான் தொண்டை கிழியக் கத்தினேன்: "மஞ்சத் தொப்பி ஜெயிச்சுட்டான்டோய்!" உள்ள ஒருத்தனும் கை கூடத் தட்டல. கதவைத் திறந்துட்டுத் தெய்வானை மட்டும் வெளிய வந்தா. கண்ணெல்லாம் தண்ணி.

"ஏனுங்க, அவன் ஜெயிக்கறதை எங்கண்ணுல பாக்கோணும்னு எத்தனை வருசமாக் காத்துக் கெடந்தேன். இன்னும் ஒரே ஒரு வளைவு. அதுக்குள்ள சொல்லிப் போட்டீங்களே"ன்னா.

"நல்ல சேதிதானே சொன்னேன்?"ன்னேன். உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. அவ ஒரு டிரைவருக்கு ஆசப்பட்டு உக்காந்திருக்கறான்னு எனக்கு யாருங்க சொன்னா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மத்த எல்லாத்தையும் சொல்லிப் போட்டு அதை மட்டும் மெதுவாச் சொல்லியிருப்பனில்லீங்களா? அன்னைக்குச் சோத்தை அவ போட்டு வெச்சுட்டுப் பேசாமப் போறா. அடுத்த நாளும் பேசல. சண்டை போட்டாப் பதிலுக்குப் பதில் பேசலாம். பேசாம இருக்கறவகிட்ட எத்தனை நேரந்தானுங்க பேசறது? அரைமணி நேரத்துக்கு மேல எனக்கே முடியல.

அந்த வாரம் மயில்சாமியும் ஜோசப்பும் வெத்தலை பாக்கு வெச்ச தட்டத்தோட எங்கூட்டுக்கு வந்தாங்க. பொண்ணு கேக்க வர்ற மாதிரி. "அண்ணா, பழசெல்லாம் மனசுல வெக்காதீங்க. ஞாயித்துக்கெழமை நீங்களும் வந்து எங்களோட பாருங்க"ன்னான் மயில்சாமி. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, நான் இல்லாம அவங்களுக்கு ஓடலைன்னு.

"ஆனா ஒரே ஒரு கட்டுப்பாடுங்கண்ணா. ரேஸு ஓடறப்பப் பேசக் கூடாது. விளம்பரம் வர்றப்ப எவ்வளவு வேணாலும் பேசுங்க."

நான் ஒடனே தலையாட்டிருவனுங்களா? நானும் ஒரு கட்டுப்பாடு போட்டேன். "விளம்பரம் வந்தா நான் மட்டுந்தான் பேசுவேன். வேற ஒருத்தன் வாயத் தொறக்கக் கூடாது. டிவி சத்தத்தையும் கொறைச்சிரோணும். சம்மதமா?"ன்னேன். ஒரு வாக்குவாதமும் இல்லாம ஒத்துக்கிட்டாங்க. அவ்வளவு மரியாதைங்க. ஜோசப்பு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டுத் தோளெல்லாம் குலுங்க நின்னான். அழுதிருப்பான் போல. மறுபடியும் விநாயகர் கோயிலு, மறுபடியும் சூடம், மெழுகுவத்தி. இந்தத் தடவை தெய்வானையும் வந்து அணைச்சா. நான்தான் கூப்பிட்டேன், இனி ஒரு ஓட்டை இருக்கக் கூடாது பாருங்க.

ஞாயித்துக்கெழமை போனனுங்க. எனக்குன்னு தனியாச் சேரு போட்டிருந்தாங்க, கடைசில, செவுத்தோரமா, நல்லாக் காத்து வர்ற எடம். பக்கத்துல தெய்வானை பஜ்ஜித் தட்டத்தோட. ரேஸு ஆரம்பிச்சுது. மொத வளைவுலயே மூணு வண்டி முட்டிக்கிட்டுது. எனக்கு நாக்குத் துறுதுறுங்குது. அதுல யாரு மேல தப்புன்னு எனக்கு மட்டுந்தானுங்க தெரியும். சரி, விளம்பரத்துல சொல்லிக்கலாம்னு அடக்கிக்கிட்டேன். அப்பறம் மழை வந்துது. மழை வந்தா டயரு மாத்தறது பத்தி எங்கிட்ட இருக்கற வெசயத்துக்கு ஒரு நாளு பத்தாது. அதையும் அடக்கிக்கிட்டேன். வாயத் தொறக்கற மாதிரி இருந்தா தெய்வானை ஒரு பஜ்ஜியை உள்ள தள்ளிருவா. பேசாம மென்னேன்.

ரேஸு முடிஞ்சு போச்சுங்க. விளம்பரமே வரல.

அந்த முட்டல், அந்த மழை, நடுவுல ஒருத்தன் வழுக்கிச் சுத்தினது, எல்லாம் எம்பட தொண்டைக்குள்ளயே நிக்குது. ஆளாளுக்கு எந்திரிச்சு, "அண்ணா, இன்னைக்கு ரேஸு நெம்ப நல்லா இருந்துது"ன்னு கையப் புடிச்சுக் குலுக்கிப் போட்டுப் போறாங்க. நான் இருந்ததுனால நல்லா இருந்துதுன்னு சொல்றாங்கன்னு வெச்சுக்குங்க. ஆனாலும் மனசு ஆறலீங்க.

வரும்போது தெய்வானைகிட்டக் கேட்டேன், "என்னடி இது, விளம்பரமே வரல?" இத்தனை நாளைக்கப்பறம் அன்னைக்குத்தான் அவ என்னையப் பாத்துச் சிரிச்சா. "ஏனுங்க, சந்தா கட்டறதே விளம்பரம் வராம இருக்கத்தானே. அதுல விளம்பரமே கெடையாதாம்"னா. அப்பறம், "நீங்க பேசாம உக்காந்திருந்தப்ப உங்க பக்கத்துல உக்காந்து பாக்க நல்லா இருந்துதுங்க"ன்னா. கட்டிக்கிட்டு இத்தனை வருசத்துல ரேஸுக்கு அவ எம்பக்கத்துல உக்காந்தது அன்னைக்குத்தானுங்க. அது எனக்கும் நல்லாத்தான் இருந்துது. இல்லீன்னு சொன்னாப் பொய்யி.

ஆனா அவ சொன்னதை நான் நம்பல தம்பி. விளம்பரம் இல்லாம ஒரு டிவி இருக்குமுங்களா? கல்யாணப் பத்திரிகைலயே விளம்பரம் வர்ற காலம் இது. அந்த மாசம் ஏதோ வரல, கம்பெனிக்காரனுக்கு ஆளு கெடைக்கல போல. அதுவுமில்லாம அவங்க சூடத்து மேல அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கறாங்க. வராத ஒண்ணுக்கு யாராச்சும் விநாயகர் முன்னால சத்தியம் பண்ணுவாங்களா? நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்பறம் எத்தனையோ ரேஸு ஆயிப் போச்சுங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போறேன், காத்திருக்கறேன், பஜ்ஜி திங்கறேன், வர்றேன். சொல்ல வேண்டியது சேந்துக்கிட்டே போகுது. எங்கூட்டு டிவில பழைய சேனலுங்க அப்படியே இருக்குது, பொழுதன்னைக்கும் விளம்பரந்தான் ஓடுது. சோப்பு, பல்பொடி, பெயிண்டுன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு. அதுக்கு முன்னால போயி நின்னு ஒரு நாளைக்குப் பேசிப் பாத்தனுங்க. சேரெல்லாம் காலியாக் கெடக்குது.

வருமுங்க. ஒரு நாளைக்கு விளம்பரம் வந்துதான் ஆகோணும். வந்தா மொதல்ல எதைச் சொல்றது, அடுத்தது எதைச் சொல்றதுன்னு வரிசை போட்டு வெச்சிருக்கறேன். கோத்தகிரிக்கு இன்னும் நெம்ப வளைவு இருக்குதில்லீங்களா? அந்த மொத வளைவுல மூணு வண்டி முட்டிக்கிட்டுதே, தப்பு யாரு மேலன்னா...